காட்டுக் காவல் துப்பாக்கியும் வீட்டுப் பூட்டும்



மதுரைக்கு வந்து போகிற உங்களுக்கெல்லாம் கோரிப்பாளையம் தெரியாமல் இருக்காது. வைகைக்கு வடகரையில், தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களும், கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்களும் இறங்குகிற இடம். அந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கோர்' என்றால் பாரசீக மொழியில் கல்லறை. 'பாளையம்' என்றால் படை இறங்கித் தங்கும் இடம். நம்ம பக்கத்தில் பாளையம் என்று முடிகிற ஊர் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தச் சீமை முழுக்க ஆயுதம் புழங்கிய சீமை என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

இன்றைக்கு அந்தப் படையும் இல்லை, பாளையக்காரரும் இல்லை. ஆனால் மலையடிவாரத்து ஊர்களில், வெள்ளாமைக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி சில வீடுகளில் இருக்கிறது. அப்பா காலத்தில் வாங்கியது, தாத்தா காலத்தில் வாங்கியது என்று தொடர்ந்து வருகிறது. அதைச் சுடுவதைப் பற்றி நான் பேச வரவில்லை. சுடாத நேரத்தில் அதை எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வருஷத்துக்கு 365 நாளில் அந்தத் துப்பாக்கி கையில் இருப்பது சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது? அப்படியானால் அதை வைக்கிற இடம்தான் பெரிய விஷயம். நம்ம முன்னோர் இதில் என்ன செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று முதலில் பார்ப்போம்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போயிருப்பீர்கள். மதுரை நாயக்கர் காலத்துக் கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்து, 1790ல் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. அங்கே வெடிமருந்து வைத்த அறை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போனால் அதை நின்று பாருங்கள். சுவர் இரட்டைச் சுவர். காற்றோட்டத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே கசியாமல் இருக்கக் கூரையைச் சரிவாகக் கட்டியிருக்கிறார்கள். பீரங்கி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மருந்து நனைந்தால் பயன்படாது, பொறி பட்டால் கோட்டையே போகும். பகைவனைத் தடுக்கக் கொண்டு வந்த பொருள் நம்மையே அழித்துவிடக் கூடாது என்ற பயம் அந்தக் கொத்தனாருக்கு இருந்திருக்கிறது. அந்தப் பயம் நல்ல பயம்.

இன்னொரு பாடம் மதுரைக் கோட்டையிலேயே நடந்தது. மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப்கான், 1763, 1764ஆம் ஆண்டுகளில் இந்த மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரப் படையையும் ஆற்காட்டு நவாபு படையையும் எதிர்த்து நின்றார். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் குறைவில்லை. வெளியே இருந்து அடித்து உள்ளே நுழைய அவர்களால் முடியவில்லை. கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தது யார்? கூடவே இருந்த அவருடைய ஆட்கள்தான். 1764 அக்டோபர் 15ஆம் தேதி அவரைத் தூக்கில் போட்டார்கள். கோட்டைச் சுவர் வெளியே இருந்து வருகிறவனைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கிற மனுஷனுக்கு அது தடையில்லை. நம்ம வீட்டுக்கும் இது பொருந்துகிற சங்கதி. வாசல் கதவைப் பூட்டிவிட்டோம், திருடன் வர மாட்டான் என்று நிம்மதியாக இருக்கிறோம். வீட்டுக்குள் ஓடியாடும் பிள்ளை, கோபத்தில் இருக்கும் தம்பி, குடித்துவிட்டு வரும் உறவுக்காரன், இவர்கள் எல்லாம் வாசல் கதவுக்கு உள்ளேதானே இருக்கிறார்கள்?

மூன்றாவது பாடம் சிவகங்கையில். 1780ல் வேலுநாச்சியார் சீமையை மீட்டார். அப்போது குயிலி என்ற வீரப்பெண் விஜயதசமி அன்று கோயிலுக்குப் போகிற பெண்களோடு பெண்ணாக அரண்மனைக்குள் புகுந்து, தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெள்ளையர் வைத்திருந்த ஆயுதக் கிடங்கில் குதித்தாள் என்று அந்தச் சீமை மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவள் தியாகத்தை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதோடு அந்தக் கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா ஆயுதத்தையும் எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தவன், ஒரே நொடியில் எல்லாவற்றையும் இழந்தான்.

அதற்குப் பிறகு நம்ம சீமை ஆயுதம் இழந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1799 அக்டோபர் 16ல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அதோடு கும்பினியார் விடவில்லை. 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும், குடிமக்களும் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்றார். துப்பாக்கியும் வல்லயமும் வளரியும் வீடு வீடாகப் பறிபோயின.

1857 கலகத்துக்குப் பிறகு 1860ல் ஒரு ஆயுதச் சட்டம், அப்புறம் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878ல் இன்னும் இறுக்கமான ஒரு சட்டம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி தொடக் கூடாது. வெள்ளைக்காரனுக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை. இந்த ஓரவஞ்சனை நம்ம தலைவர்கள் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது. அதனால்தான் 1931ல் கராச்சி காங்கிரசில் அடிப்படை உரிமைகளைத் தீர்மானமாகப் போட்டபோது, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதில் சேர்த்தார்கள். 'ஒழுங்குமுறைக்கு உட்பட்டு' என்று சேர்த்தார்களே, அதையும் மறந்துவிடாதீர்கள். உரிமை கேட்டவர்களே கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற விவசாயக் குடிகளும் உண்டு. நமக்கு மேற்கே, காவிரி பிறக்கிற குடகு நாட்டில், குடகர்களுக்கு 1861லேயே விலக்குக் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. மத்திய அரசு 2019ல் இன்னும் 10 வருஷத்துக்கு நீட்டிக் கொடுத்திருக்கிறது. இப்படி வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கிற குடகர்கள் பழைய நாளில் அதை எப்படி வைத்தார்கள் தெரியுமா? அவர்களும் நம்மைப் போல நெல் விவசாயிகள்தான். நடவு வேலை தொடங்கினால் வில், கத்தி, துப்பாக்கி எல்லாவற்றையும் வீட்டுப் பூசை அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நடவு முடிந்து, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைல்போல்து என்ற பண்டிகை வரும். அன்றைக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். நாம் ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டிக்குச் சந்தனம் வைக்கிறோமே, அது மாதிரி. ஆயுதத்துக்கு என்று ஒரு இடம், எடுப்பதற்கு என்று ஒரு காலம். அதை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் கட்டுப்பாடு நிலைத்தது.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியா 1959ல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. 1962 அக்டோபர் 1ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவில் விவசாயிக்கும் ஒரு வழி இருக்கிறது. உண்மையான பயிர்க் காவலுக்கு என்றால், வாய் வழியாக மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தியானால், வேறு வகைத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். இப்படி வந்ததுதான் நாம் சொல்கிற காட்டுக் காவல் துப்பாக்கி.

சட்டம் துப்பாக்கியைக் கொடுத்தது. வைக்க இடம் நம்ம வீட்டில் எங்கே இருந்தது? கூரை வீட்டில் இறவாரத்தில் செருகினார்கள். ஓட்டு வீட்டில் பரண் மேல் போட்டார்கள். குலுக்கைக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். மருந்தும் கேப்பும் பக்கத்திலேயே ஒரு தகர டப்பாவில். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமாம்! திண்டுக்கல் கோட்டைக்காரனுக்கு இருந்த பயம் நமக்கு இல்லாமல் போய்விட்டது. பயிரைக் காக்க வந்த பொருள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோனால் அது வேலியே பயிரை மேய்ந்த கதைதானே?

கணக்குப் பார்த்தால் பத்திரமாக வைக்க மூன்று காரணம் இருக்கிறது. முதலாவது, பிள்ளைகள். பரணில் இருந்தாலும் பிள்ளை ஏறி எடுக்கும். ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நாம் நினைப்போம். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று நம்மைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, திருட்டு. களவு போன துப்பாக்கியால் எங்கேயோ ஒரு குற்றம் நடந்தால், போலீசு முதலில் வந்து நிற்பது நம்ம வாசலில். மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோபமும் துக்கமும். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன்காரன் வாசலில் நின்று பேசிய பேச்சு, இப்படி எத்தனையோ வருகிறது. பூச்சி மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்ததால் எத்தனை குடும்பம் அழிந்தது என்று நமக்குத் தெரியும். வெடி மருந்தும் அப்படித்தான். அந்த ஆத்திரம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதைக் கடத்திவிட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்வான். பூட்டும் சாவியும் அந்தக் கொஞ்ச நேரத்தை வாங்கிக் கொடுக்கும்.

இதைப் பெரிய நாடுகளே உணர்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து என்று ஒரு சின்ன மலைநாடு. அங்கே படைப் பயிற்சி பெற்ற குடிமக்கள் அரசாங்கத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பது பழைய வழக்கம். முன்பு தோட்டாவையும் முத்திரை வைத்த பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். 2007ல் அந்த வழக்கத்தை நிறுத்த முடிவு செய்து, கொடுத்த தோட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். துப்பாக்கி வீட்டில், தோட்டா கிடங்கில். கருவியும் மருந்தும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் அங்கேயும் தீர்ப்பு.

'அதெல்லாம் சரிங்க, இரும்புப் பெட்டகம் வாங்க நமக்கு வசதி ஏது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரிய செலவு வேண்டாம். கைக்கு ஏற்றபடி நாலு வழி சொல்கிறேன்.

முதல் வழி, சங்கிலி. வீட்டு உள்ளறைக் கல்சுவரில், கனமான இரும்பு வளையம் ஒன்றை ஆழமாகத் துளைபோட்டுச் சிமெண்டு வைத்துப் பதியுங்கள். விசையைச் சுற்றி இருக்கிற காப்பு வளையத்தின் வழியாகச் சங்கிலியைக் கோத்து, சுவர் வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். மண்சுவரில் இது நிற்காது; நிலைக்கட்டையோ உத்திரமோ இருந்தால் அதில் போல்ட்டு முடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். துப்பாக்கி கெட்டித்திருக்கக் கூடாது. மருந்தோ தோட்டாவோ உள்ளே இருக்கிற துப்பாக்கியைச் சங்கிலியில் கட்டுவது, விஷப் பாம்பைக் கயிற்றில் கட்டின மாதிரி.

இரண்டாவது, பழைய மரப்பெட்டி. பாட்டி காலத்துத் தேக்குப் பெட்டி பல வீட்டில் சும்மா கிடக்கிறது. அதன் அடிப்பலகையை உள்பக்கமிருந்து தரையோடு போல்ட்டுப் போட்டு முடுக்கிவிட்டால், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போக முடியாது. மடக்கித் திறக்கிற தோட்டாத் துப்பாக்கியாக இருந்தால், குழல் வேறு, கட்டை வேறு, முன்கட்டை வேறு என்று மூன்றாகக் கழற்றலாம். நீளமும் குறையும், ஒரு பாகத்தை வேறு பூட்டில் வைத்தால் யார் எடுத்தாலும் உடனே சுடவும் முடியாது.

மூன்றாவது, வெல்டிங் பட்டறையில் தகட்டுப் பெட்டி. பீரோ இருக்கிற வீட்டில் அதிலேயே வைக்கலாமே என்பீர்கள். இந்த இரும்பு பீரோ 1923ல் கோத்ரெஜ் கம்பெனி செய்யத் தொடங்கியது. அதற்கு முன் 1897ல் அவர்கள் ஆரம்பித்ததே பூட்டுத் தொழில்தான். பீரோ நல்லதுதான். ஆனால் நம்ம வீட்டில் பீரோச் சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே! துணி எடுக்க, பணம் எடுக்க, நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிறோம். அதனால் தனிப்பெட்டி நல்லது. துப்பாக்கி நீளத்துக்கு ஒடுக்கமாக, கனத்த தகட்டில் அடிக்கச் சொல்லுங்கள். கீல் உள்பக்கம் இருக்கட்டும். வெளியே இருந்தால் கீலை அறுத்துவிடுவான். பின்பக்கம் நாலு துளை, சுவரோடு முடுக்குவதற்கு.

பூட்டு விஷயத்தில் பக்கத்திலேயே நமக்குப் பெருமை இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மாங்காய்ப் பூட்டு என்றால் தெரியாதவர் உண்டா? கைவேலைப் பூட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சாவி ராவுவார்கள். அலிகார் பூட்டு மலிவாக வந்ததும் இந்தத் தொழில் நலிந்துவிட்டது. துப்பாக்கிப் பெட்டிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினால் பொருளும் காப்பாற்றப்படும், ஒரு தொழிலாளி அடுப்பும் எரியும்.

நாலாவது வழிக்கு வீட்டில் இடமே வேண்டாம். வெள்ளாமை இல்லாத காலத்தில், வீடு பூட்டி வெளியூர் போகிற காலத்தில், வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத காலத்தில், துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, காவலில் வைக்க லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அப்போது போகிற அதே வழிதான். மச்சான் வீட்டில் கொடுத்து வைக்கிறேன், பங்காளி வீட்டில் இருக்கட்டும் என்று மட்டும் செய்துவிடாதீர்கள். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் இருக்கணும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம் சிறை. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால்கூட 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டாலும், வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டாலும், தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். கருமாதி முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று பரணிலேயே கிடந்தால் வீணான வழக்கு.

எந்த வழியானாலும் மூன்றைப் பிரித்து வையுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில். மருந்து, தோட்டா, கேப்பு இன்னொரு பூட்டில், அடுப்பங்கரைக்கும் சாமி விளக்குக்கும் எட்டத்தில், ஈரம் படாத இடத்தில். சாவி லைசென்ஸ்தாரர் இடுப்பில். சாமி படத்துக்குப் பின்னாலும் வேண்டாம், தலையணைக்கு அடியிலும் வேண்டாம். கோணிச் சாக்கில் சுற்றி வைக்காதீர்கள்; சாக்கு ஈரம் வாங்கும், குழல் துருப்பிடிக்கும். துடைத்து லேசாக எண்ணெய் தடவி, காற்றுப் படுகிற மாதிரி வைப்பதே நல்லது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சங்கதியும் இதோடு சேர்ந்தது. காவல் துப்பாக்கி வைத்திருப்பதால் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் உண்டு, மயிலுக்கும் உண்டு. பன்றித் தொல்லையில் மலையடிவாரத்து விவசாயி படுகிற பாடு கொஞ்சமல்ல. அதற்காகத்தான் 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளைச் சுடலாம் என்று அறிவித்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறையார், நாம் அல்ல. நாம் செய்ய வேண்டியது சேதத்தை எழுதிக் கொடுப்பது. ஆகவே, ராத்திரி எந்த நேரமும் எடுத்துச் சுட வேண்டும், அதனால் கெட்டித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன் என்ற வாதமும் நிற்காது.

பெருமக்களே, 1801ல் நம்ம வீடுகளில் இருந்து ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு போனவன், உங்களை நம்ப முடியாது என்று சொல்லிப் பறித்தான். 1959ல் நம்ம சொந்த அரசாங்கம், உன் பயிரை நீ காத்துக்கொள் என்று நம்பிக் கொடுத்தது. அந்த நம்பிக்கைக்கு நாம் செலவழிக்க வேண்டியது ஒரு சங்கிலி, இரண்டு பூட்டு. இந்த அறுப்புப் பணத்தில் அதை முதலில் வாங்கிவிடுங்கள். துப்பாக்கி உங்கள் வீட்டில் இல்லையென்றாலும், இருக்கிற அண்ணன் தம்பிக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.